மல்லாட்டை ஏறின ரயில்: விழுப்புரம் – புதுச்சேரி, 38 கிலோமீட்டர்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்கள்ல எத்தனை பேர் பாண்டிக்கு ரயில்ல போயிருக்கீங்க?

சென்னையிலிருந்து போறவங்க ஈசிஆர்ல பைக்ல போவாங்க, கார்ல போவாங்க, இல்லன்னா பஸ். ரயில்ல போறேன்னு சொன்னா, "எதுக்குடா விழுப்புரம் சுத்திக்கிட்டு?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். இந்த எபிசோடே அந்தச் சுத்தைப் பத்திதான். ஏன் விழுப்புரம் சுத்தணும், யாரெல்லாம் அப்படிச் சுத்தி வந்தாங்க, அந்த வழியில இன்னும் என்ன மிச்சம் இருக்கு.

போன மாசம் ஒரு வார நாள் காலையில விழுப்புரத்துல பாசஞ்சர் வண்டி ஏறினேன். பத்து ரூபா டிக்கெட். 38 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரம். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், அப்புறம் புதுச்சேரி. அதோட தண்டவாளம் முடிஞ்சுடும். அதுக்கு அப்பால ஒரு கிலோமீட்டர் தூரத்துல கடல்.

நான் கடைசி வரைக்கும் போகல. நடுவுல சின்னபாபுசமுத்திரத்துல இறங்கிட்டேன். ஊர்ப் பேரைக் கேட்டா கடல் ஞாபகம் வரும். ஆனா நம்ம ஊர்ப் பெயர்கள்ல வர்ற சமுத்திரம் பெரும்பாலும் ஏரிதான். வண்டி கிளம்பிப் போனதும் பிளாட்பாரத்துல நானும், கீரைக்கட்டு வெச்சிருந்த ஒரு அம்மாவும் மட்டும்தான். நான் இங்கேயும் அங்கேயும் நடந்து போட்டோ எடுக்கறதைப் பாத்துட்டு, "யாரைத் தேடறே தம்பி?"ன்னு கேட்டாங்க.

"யாரையும் இல்லம்மா. ஸ்டேஷனைப் பாக்க வந்தேன்."

"இதுல பாக்க என்னா இருக்குது?"

அந்தக் கேள்விக்கு அப்போ என்கிட்ட பதில் இல்ல. இந்த எபிசோடை எழுத உக்காந்ததே அதனாலதான்னு வெச்சுக்கங்க.

முதல்ல ஃபோன்ல மேப்பைத் திறங்க. திண்டிவனத்துல ஒரு புள்ளி, கடலூர்ல ஒரு புள்ளி. ரெண்டையும் ஒரு நேர்கோட்டால சேருங்க. அந்தக் கோடு வில்லியனூர் பக்கமா, கிட்டத்தட்ட பாண்டிச்சேரி வாசல் வழியாவே போகும். ஆனா சென்னையிலிருந்து தெற்கே வர்ற பழைய ரயில் பாதை அப்படிப் போகல. திண்டிவனத்திலிருந்து தென்மேற்கா விலகி விழுப்புரம் போகுது. அங்கிருந்து மறுபடி கிழக்கே திரும்பி கடலூருக்குக் கடற்கரைக்கு வருது. நடுவுல இருந்த பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க ஊர். பாதையைப் போட்டது பிரிட்டிஷ் இந்தியாவோட சவுத் இந்தியன் ரயில்வே. 1870களோட பின்பாதியில அந்தப் பாதை கடலூரைத் தொட்டுடுச்சு. பக்கத்து ஊர்த் துறைமுகத்துக்கு ரயில் வந்தாச்சு, நம்ம ஊருக்கு வரலைன்னா ஒரு வியாபார ஊர் என்ன பண்ணும்? கிளைப் பாதை கேட்கும்.

அதைத்தான் பிரெஞ்சு நிர்வாகமும் கேட்டது. 1878-ல ஒப்பந்தம் ஆச்சு. 1879-ல விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓட ஆரம்பிச்சது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மொத்தப் பாதையில கடைசி எட்டு மைல் மட்டும்தான் பிரெஞ்சு மண்ணுல இருந்தது. அந்த எட்டு மைலுக்குன்னே பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனின்னு ஒரு கம்பெனி. கம்பெனி இருந்தது லண்டன்ல. வண்டியை ஓட்டினது சவுத் இந்தியன் ரயில்வே. மேல பறந்தது பிரெஞ்சுக் கொடி, கீழ ஓடினது பிரிட்டிஷ் எஞ்சின், உள்ள உக்காந்திருந்தது தென்னாற்காட்டுத் தமிழர்கள்.

அன்னைக்கு எடுத்த முடிவு இன்னைக்கும் நம்மளை அலைக்கழிக்குது. பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டுல இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான். ரயில்லயே போவேன்னு அடம்பிடிச்சா, விழுப்புரம் போய், திரும்ப கடற்கரைக்கு வரணும். சென்னையிலிருந்து கடற்கரை ஓரமா மாமல்லபுரம், பாண்டிச்சேரி வழியா கடலூருக்கு ஒரு புதுப் பாதை வரும்னு பல வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க. பேச்சு மட்டும் ஓடுது, வண்டி இன்னும் ஓடல.

சரி, இந்த ரயில் எதுக்காக வந்தது? பயணிகளுக்காகன்னு நினைச்சா தப்பு. மல்லாட்டைக்காக.

விழுப்புரம், கடலூர், பாண்டி பக்கத்து ஆளுங்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு: வேர்க்கடலைதான். எங்கேயோ தென் அமெரிக்காவுல பிறந்து, கப்பல் ஏறி உலகம் சுத்தி நம்ம ஊருக்கு வந்த பயிர். மணிலாவிலிருந்து வந்த கொட்டைன்னு மணிலாக்கொட்டை ஆச்சு, வாய்ல உருண்டு மல்லாக்கொட்டை ஆச்சு, அப்புறம் மல்லாட்டை. ஒரு வட்டாரச் சொல்லுக்குள்ள பிலிப்பைன்ஸ் தலைநகரம் ஒளிஞ்சிருக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டோட பின்பாதியில பிரான்ஸ்ல மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் எண்ணெய் வித்துப் பசி. தென்னாற்காட்டு மானாவாரி நிலம் மல்லாட்டைக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. நடுவுல இருந்தது பாண்டிச்சேரி. பிரெஞ்சுக் கப்பல், பிரெஞ்சு வியாபாரி, பிரெஞ்சு சந்தை. மாட்டு வண்டியில வந்த மூட்டைங்க ரயிலுக்கு மாறின கதை இதுதான். விளைஞ்சது முக்கால்வாசி பிரிட்டிஷ் நிலத்துல, கப்பல் ஏறினது பிரெஞ்சுக் கடற்கரையில. எல்லையைத் தாண்டி அதைக் கொண்டுவந்து சேர்த்தது இந்த 38 கிலோமீட்டர்.

பாண்டிச்சேரிக்கு உண்மையில துறைமுகமே கிடையாது. இதைச் சொன்னா பல பேர் நம்ப மாட்டாங்க. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல படகுகள்தான் சரக்கை ஏத்தி இறக்கும். அலைக்கு ஈடு கொடுக்க, பலகைகளைக் கயித்தால தைச்ச படகு. ஆணி அடிச்ச படகா இருந்தா அலை மோதுற மோதல்ல பிளந்துடும். 1860கள்ல கடலுக்குள்ள நீளமா ஒரு இரும்புப் பாலம் கட்டினாங்க. இப்போ பாறை மேல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டு செல்ஃபி எடுக்கிறீங்களே, அந்தக் கடற்கரையிலதான் அந்தப் பாலம் இருந்தது. ஸ்டேஷனும் இந்தப் பாலமும் ஒரே வேலையோட ரெண்டு முனைங்க. ஒண்ணு இல்லாம இன்னொண்ணுக்கு அர்த்தம் இல்ல.

மல்லாட்டை வெளியே போச்சு. ஆளுங்க உள்ளே வந்தாங்க.

1908-ல ஒரு பத்திரிகைக்காரர் சென்னையிலிருந்து கிளம்பி இந்தப் பாதையில பாண்டிச்சேரி வந்தார். ‘இந்தியா’ பத்திரிகை மேல பிரிட்டிஷ் அரசு வழக்குப் போட்ட நேரம். நண்பர்கள் சொல்லி, ரயிலேறி வந்தவர் சுப்பிரமணிய பாரதி. வந்தவர் பத்து வருஷம் இங்கேயே இருந்தார். அவரோட பெரிய கவிதைகள் பல பிறந்தது இந்த ஊர்லதான். ‘இந்தியா’வும் அதே வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து வர ஆரம்பிச்சு, 1910 வரைக்கும் வந்தது.

இப்போ அந்த எட்டு மைலைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. சின்னபாபுசமுத்திரம் பிரிட்டிஷ் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன். வில்லியனூர் பிரெஞ்சுப் பக்கத்து முதல் ஸ்டேஷன். நடுவுல வேலி கிடையாது, சுவர் கிடையாது. வயல், ஒரு ஆறு, பனைமரம். ஆனா அந்தக் கோட்டைத் தாண்டிட்டா பிரிட்டிஷ் போலீஸ்காரன் உங்களைக் கைது பண்ண முடியாது. சின்னபாபுசமுத்திரத்துல வண்டி நிக்கறப்போ ஒருத்தர் தேசத்துரோகக் குற்றவாளி. கொஞ்ச நேரம் கழிச்சு வில்லியனூர்ல நிக்கறப்போ அதே ஆள், அதே சீட்ல உக்காந்திருக்கிற ஒரு சுதந்திர மனிதர்.

இது ஒரு திசைக்கு மட்டும்தான். 1918 நவம்பர்ல பாரதி பாண்டிச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டினதும் கைது. கடலூர் சிறையில மூணு வாரத்துக்கு மேல இருந்தார்.

நடுவுல இருந்த வருஷங்கள்ல பிரிட்டிஷ் உளவாளிகள் இந்த ஊர்ல மொய்ச்சாங்க. வ.வே.சு. ஐயர் இங்கே இருந்தார், அரவிந்தர் இருந்தார். 1911 ஜூன் 17-ல மணியாச்சி ரயில் நிலையத்துல கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், அதுக்கு முன்னாடி பாண்டிச்சேரி வந்து போனவர். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் கண்காணிப்பு இன்னும் இறுகிடுச்சு. வெளியூர்லிருந்து வந்து தங்கியிருக்கிறவங்க, ஊர்ல மதிப்பான அஞ்சு பேர்கிட்ட நற்சான்று வாங்கிக் கொடுக்கணும்னு பிரெஞ்சு அரசு சட்டமே போட்டது. உள்ளூர்க்காரங்க அஞ்சு பேர் துணிஞ்சு கையெழுத்துப் போட்டதால அரவிந்தர் தங்க முடிஞ்சது.

இன்னொரு பயணி. 1914 மார்ச் மாசம். பிரான்ஸ்லிருந்து கப்பல்ல கிளம்பின ஒரு பெண், கொழும்புல இறங்கறாங்க. அங்கிருந்து தலைமன்னார், கடல் தாண்டி தனுஷ்கோடி, தனுஷ்கோடியிலிருந்து ரயில், விழுப்புரத்துல வண்டி மாறி மார்ச் 29 காலையில பாண்டிச்சேரி. பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் இணைப்பும் திறந்தது அதே வருஷம் பிப்ரவரி 24-ல. அதாவது அந்தப் பாதைக்கு அப்போ வயசு ஒரு மாசம்தான். அந்தப் பெண் மிர்ரா. பின்னாடி ஆசிரமத்தோட அன்னை. ஆரோவில்லுக்கு வீக்எண்டு போறவங்க யாரும் யோசிச்சிருக்க மாட்டீங்க, ஆரோவில் கதையில விழுப்புரம் ஜங்ஷனுக்கும் ஒரு பங்கு இருக்குன்னு.

பெரிய பேர்களையே சொல்லிக்கிட்டு இருந்தா தப்பாயிடும். இந்த வண்டியில அதிகம் போனது பேர் தெரியாதவங்கதான். வில்லியனூர்ல 1877-லேயே லூர்து மாதா கோயில் வந்தாச்சு. திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இப்போ துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ரெண்டு திருவிழாவுக்கும் ஜனங்க வர்றதுக்கு ரயில் இருந்தது. அப்புறம் மில் தொழிலாளர்கள். ரயில் பாதை ஊருக்குள்ள நுழையறப்போ கடலூர் ரோட்டை வெட்டிக்கிட்டுத்தான் போகும். அந்த இடம்தான் பாண்டிக்காரங்க தினமும் திட்டித் தீர்க்கிற ஏஎஃப்டி மில் கேட். 1898-ல ஆரம்பிச்ச மில், 2020-ல இழுத்து மூடியாச்சு. மில் இல்ல, ஆனா கேட்டுக்குப் பேர் இன்னும் மில்லோடதுதான். ஸ்டேஷன் இருக்கிற தெருவோட பேரும் அதே வரலாறுதான். முன்னாடி தெற்கு புல்வார், இப்போ சுப்பையா சாலை. 1936 ஜூலை 30-ல பிரெஞ்சுப் படை சுட்டு 12 மில் தொழிலாளர்கள் செத்தாங்களே, அந்தப் போராட்டத்தோட தலைவர் வ. சுப்பையா. அதுக்கு அடுத்த வருஷம் பாண்டிச்சேரித் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு.

எல்லைக் கோடு மட்டும் அப்பப்போ உயிர் பெற்று எழுந்துக்கும். 1941-ல பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்கத்துல ஒண்ணாச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம், 1949-ல அந்த ஏற்பாடு முறிஞ்சது. எல்லையில மறுபடி சோதனை. இந்த முறை அந்தப் பக்கம் நின்னது பிரிட்டிஷ் அதிகாரி இல்ல, இந்திய அதிகாரி. 1954 அக்டோபர் 18-ல வில்லியனூர் பக்கத்துல கீழூர்ல 178 மக்கள் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோட சேர 170, வேண்டாம்னு 8. நவம்பர் 1 முதல் ஆட்சி கை மாறிச்சு. சட்டப்படி முழுசா மாற 1962 ஆகஸ்ட் 16 வரைக்கும் ஆச்சு. வண்டி மட்டும் அதே தண்டவாளத்துல ஓடிக்கிட்டு இருந்தது.

ஆனா அதோட வேலை போயிடுச்சு. 1952 புயல்ல பழைய இரும்புப் பாலம் போச்சு. அதுக்குப் பதிலா தெற்கே இன்னொரு பாலம் கட்டி 1962-ல திறந்தாங்க. அதுக்குள்ள காலம் மாறிடுச்சு. மார்செய்க்கு மல்லாட்டை ஏத்துற கப்பலும் இல்ல, எல்லையும் இல்ல, எல்லையால கிடைச்ச லாபமும் இல்ல. கடலை நோக்கிப் போட்ட பாதை, கடல்ல வேலை இல்லாம நின்னுபோச்சு. மிச்சமிருந்தது விழுப்புரத்துக்குப் போய் வர்ற ஒரு சின்னக் கிளைப் பாதை.

2004-ல அகலப் பாதை வந்தது. ஒரு மீட்டர் இடைவெளியிலிருந்து 1.676 மீட்டருக்கு. இதுக்காக நான் அழ மாட்டேன். அகலப் பாதை வந்ததாலதான் இன்னைக்கு பாண்டிச்சேரியிலிருந்து டெல்லி, ஹவுரா, தாதர், கன்னியாகுமரி, மங்களூர்னு நேரடி வண்டி இருக்கு. ஆனா கேஜ் மாத்தறதுன்னா தண்டவாளத்தை மட்டும் மாத்தறது இல்ல. பிளாட்பாரம் உயரும், பாலம் மாறும், சிக்னல் மாறும், பழைய லிவர், பழைய விளக்கு, பழைய எடைத் தராசு எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போகும். தமிழ்நாட்டுல நூத்துக்கணக்கான மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களுக்கு இதுதான் நடந்தது. எது போச்சுன்னு யாரும் பட்டியல் எடுத்து வைக்கல. அதுதான் உறுத்துது.

இப்போ புதுச்சேரியில பாரம்பரியம்னா என்னன்னு பாக்கலாம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, போகன்வில்லா, நீல நிறத் தெருப் பலகை. இன்ஸ்டாகிராம்ல நீங்க பாக்கறது எல்லாம் முட்டை வடிவத்துல நாலு புல்வாருக்கு உள்ள அடங்கின ஊர். அதுலயும் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்து வெள்ளையர் நகரம். இன்டாக் அமைப்பு 1980கள்லேருந்து இங்கே நல்ல வேலை செஞ்சிருக்கு. வைசியாள் வீதியைத் தமிழ் வீடுகளோட மீட்டதுக்கு 2008-ல யுனெஸ்கோ விருதே கிடைச்சது. அப்படியும் இழப்பு நிக்கல. 2014 நவம்பர்ல கடற்கரைச் சாலையில இருந்த மேரி கட்டடம், அதான் பழைய நகராட்சி மாளிகை, மழையில இடிஞ்சு உக்காந்துடுச்சு. பழைய வரைபடத்தைப் பாத்து அதே மாதிரி திரும்பக் கட்டி 2021-ல திறந்தாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா அது ஒரு நகல். 2022 மார்ச்ல, அந்த 1962 பாலத்துலயும் ஒரு பகுதி கடல்ல விழுந்துடுச்சு.

ரயில் நிலையம் இருக்கிறது அந்த முட்டைக்கு வெளியே. தெற்கு புல்வாரோட அந்தப் பக்கம். எதிர்ச்சாரியில கொஞ்ச தூரத்துல 1907-ல கட்டி முடிச்ச இருதய ஆண்டவர் ஆலயம், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. ஸ்டேஷனை யாரும் எடுக்க மாட்டாங்க. வெள்ளையர் நகரத்துக்கும் சேராது, தமிழர் நகரத்துக்கும் சேராது. கவர்னர் மாளிகை மாதிரி அழகும் கிடையாது. அது வேலைக்காரக் கட்டடம். நம்ம பாரம்பரியப் பட்டியல்கள்ல வேலைக்காரக் கட்டடங்களுக்கு எப்பவுமே கடைசி இடம்தான். கவர்னர் எங்கே தூங்கினார்ங்கிறது வரலாறு, மூட்டை எங்கே இறங்கிச்சுங்கிறது வரலாறு இல்ல!

இந்த மனப்பான்மை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்ல. பாரிஸ்ல ஓர்சே ஸ்டேஷன்னு ஒண்ணு, 1900-ல திறந்தது. முப்பது நாப்பது வருஷத்துல ரயில்கள் நீளமாயிடுச்சு, பிளாட்பாரம் பத்தல. நெடுந்தூர வண்டிகளை வேற ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க. இடிச்சுட்டு ஹோட்டல் கட்டலாம்னு திட்டம் வந்தது. அந்த நேரத்துல ஜனங்களுக்குக் கோபம் வந்ததால 1978-ல அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சாங்க. 1986-ல அது ஓவிய அருங்காட்சியகம் ஆச்சு. வான்கோவோட ஓவியத்தைப் பாக்க உலகமே இன்னைக்கு வரிசையில நிக்குதே, அது ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு உள்ளதான். நம்ம பக்கத்துல ராயபுரம். 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம். பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 2005-ல புதுப்பிச்சாங்க. ரெண்டு இடத்துலயும் கட்டடம் தானா பிழைக்கல. யாரோ சிலர் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

இப்போ ஏன் இதைப் பேசணும்னா, அம்ருத் பாரத் நிலையத் திட்டம். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேல ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கிற திட்டம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துலேருந்து மூணு: புதுச்சேரி, காரைக்கால், மாஹே. ஏனாமுக்கு ரயிலே இல்ல. மாஹே ஸ்டேஷன் நிக்கிறது கேரளா மண்ணுலங்கிறது தனி வேடிக்கை, அதை இன்னொரு எபிசோடுக்கு வெச்சுக்கலாம்.

புதுப்பிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. லிஃப்ட் வேணும், சுத்தமான கழிப்பறை வேணும், சக்கர நாற்காலி ஏற சாய்தளம் வேணும். முட்டி வலியோட படி ஏற முடியாத பாட்டிகிட்ட போய் "இது நூத்தம்பது வருஷ வரலாறு பாட்டி"ன்னு சொன்னா அடிதான் விழும். நான் கேக்கறது வேற. கண்ணாடியும் தகடும் வெச்ச முகப்பு எந்த ஊர் ஸ்டேஷனுக்கும் ஒட்டும். புதுச்சேரி ஸ்டேஷன்ல இறங்கற ஒருத்தருக்கு, இந்த மண்ணுல காலை வெச்சதும் கைதுலேருந்து தப்பிச்சவங்க இருந்தாங்கன்னு சொல்ல ஒரு பலகை இருக்கா? இந்த ரயில் மல்லாட்டைக்காக வந்ததுன்னு சொல்ல ஒரு படம் இருக்கா? வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழைய சுவர், கூரை, தூண், சரக்குக் கொட்டகை எல்லாத்தையும் அளந்து, வரைஞ்சு, படம் எடுத்து வைக்கறதுக்குப் பெரிய செலவு ஆகாது. மேரி கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடிஞ்சதே, பழைய வரைபடம் கைல இருந்ததாலதானே? மல்லாட்டைக் கொட்டகைக்கு வரைபடம் யார்கிட்ட இருக்கு?

பட்டியல்ல வராத ஸ்டேஷன்களைப் பத்தி எனக்கு இன்னும் கவலை அதிகம். புதுச்சேரிக்காவது நாலு பேர் குரல் கொடுப்பாங்க. சின்னபாபுசமுத்திரத்துக்கு யார் கொடுப்பா? ஒரு காலத்துல ரெண்டு சாம்ராஜ்யத்துக்கு நடுவுல நின்ன வாசற்படி அது. ஒரு பெயர்ப் பலகை மாத்தற நாள்ல, ஒரு சுவரை இடிக்கிற நாள்ல, அது தடமே இல்லாம போயிடும்.

காரைக்கால்ல இது ஏற்கெனவே நடந்தாச்சு. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ல போட்ட பாதை, அதுவும் பிரெஞ்சுக் காலத்தோடதுதான். 1980கள்ல வண்டியை நிறுத்தி, தண்டவாளத்தையும் பெயர்த்துட்டாங்க. ஒரு தலைமுறை ரயிலே பாக்காம வளர்ந்தது. இப்போ அதே 23 கிலோமீட்டருக்கு அகலப் பாதை புதுசாப் போட்டிருக்காங்க. தேவைன்னு தெரிய இத்தனை வருஷம் ஆச்சு. பாதை திரும்பி வந்துடுச்சு. பழைய ஸ்டேஷன்களோட சேர்ந்து போன ஞாபகம் திரும்பி வரல.

சரி, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். அன்னைக்கு நான் சமாளிப்பா, "பாரதியார் இந்த வழியாத்தாம்மா வந்தாரு"ன்னு சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம், "எங்க மாமனாரு இங்கதான் மூட்டை தூக்கினாரு. அவுரு பாத்திருப்பாரோ என்னமோ"ன்னாங்க. வருஷக் கணக்குப்படி அது நடக்க வாய்ப்பே இல்ல. நான் திருத்தல. மூட்டையில என்ன இருக்கும்னு கேட்டேன். "வேற என்னா, மல்லாட்டைதான்"னாங்க.

அதுக்குள்ள அவங்க வண்டி வந்துடுச்சு. நான் கைபேசியில பதிவு பண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்க கீரைக்கட்டை எடுத்துக்கிட்டு ஏறிட்டாங்க. பேர் கூடக் கேக்கல.

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. விழுப்புரம், வளவனூர், கண்டமங்கலம், வில்லியனூர், பாண்டி, இந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, உங்க வீட்டுல மீட்டர் கேஜ் காலத்து போட்டோ, அட்டை டிக்கெட், ரயில்வேயில வேலை பாத்தவங்களோட பழைய அடையாள அட்டை ஏதாவது இருக்கான்னு பாருங்க. தாத்தா பாட்டி யாராவது மூட்டை தூக்கினவங்க, கேட் சாத்தினவங்க, எல்லையில சோதனைக்கு நின்னவங்க இருந்தா, ஃபோனை எடுத்து ஒரு பத்து நிமிஷம் பேச வெச்சுப் பதிவு பண்ணுங்க. எங்களுக்கு அனுப்புங்க. பேர் போடறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. வர்றதையெல்லாம் சேர்த்து இன்னொரு எபிசோட் பண்றோம்.

நான் அடுத்த மாசம் மறுபடி சின்னபாபுசமுத்திரம் போறேன். அதே காலை வண்டி. கீரைக்கட்டோட அந்த அம்மா வந்தா, இந்தத் தடவை பேரைக் கேட்டுட்டுத்தான் மத்ததெல்லாம்.